பின்னால் வருபவர் இங்கே சொல்லமாட்டார்

கேள்வி:

எனக்கு வயது 43. திருச்சியில் பல ஆண்டுகள் கார் ஓட்டியவள். சத்திரம் பேருந்து நிலையத்தையும் தெப்பக்குளத்து நெரிசலையும் கடந்து தினமும் அலுவலகம் போய்வந்தேன். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கணவரின் வேலை காரணமாக இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. தியரி தேர்வில் முதல் முறையே தேறினேன். ஓட்டிக் காட்டும் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். முதல் முறை, சாலையோரத்திலிருந்து வண்டியை எடுக்கும்போது வலப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லையாம். பின்னால் வந்த சைக்கிள்காரர் பிரேக் பிடிக்க நேர்ந்ததாம். நான் அவர்மேல் மோதவே இல்லை. இரண்டாம் முறை, ரவுண்டானாவில் தடம் மாறியபோது கண்ணாடி பார்க்கவில்லை என்றார்கள். இரண்டு தேர்விலும் சிறு பிழைகள் ஐந்தைத் தாண்டவில்லை. முடிவு அறிக்கைகளை இணைத்திருக்கிறேன். என் மகளின் தோழி, 17 வயதுப் பெண், முதல் முயற்சியிலேயே தேறிவிட்டாள். தேர்வாளர் என்னைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. நம் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படிச் செய்கிறார்களா? ஆட்டோமேட்டிக் காருக்கு மாறிவிடலாமா? கூட்டமில்லாத சிற்றூருக்குப் போய்த் தேர்வு கொடுத்தால் சுலபமா? அதுவரை, இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு மகனைப் பள்ளிக்கு மட்டும் காரில் கொண்டுபோய் விடலாமா? ஒன்றரை மைல் தூரம்தான்.

— ஒரு வாசகி, மில்டன் கீன்ஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு அவசரமில்லை, இதற்கு நாளைக் காலைக்குள் பதில் தேவைப்படலாம். விடக்கூடாது. ஒன்றரை மைல் அல்ல, உங்கள் தெருமுனை வரைகூடக் கூடாது.

இந்திய உரிமம் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும். அதன்பின் அது வெறும் அட்டை. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் உரிமத்தைத் தேர்வெழுதாமல் இந்நாட்டு உரிமமாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் வந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டதால் சட்டத்தின் கண்ணில் இன்று நீங்கள் பயிற்சி உரிமம் வைத்திருக்கும் ஒரு கற்றுக்குட்டி. தனியாக ஓட்டினால் காப்பீடு கைகொடுக்காது. காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் அங்கேயே 300 பவுண்டு அபராதம், 6 தண்டப் புள்ளிகள், காரையும் தூக்கிக்கொண்டு போகலாம். முழு உரிமம் கைக்கு வருமுன்பே புள்ளிகள் வந்து உட்கார்ந்துவிடும். பிற்பாடு காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கும் தொகையைப் பார்த்தால் அந்த ஒன்றரை மைலுக்கு டாக்சியில் ஆண்டு முழுவதும் போயிருக்கலாமே என்று தோன்றும்.

கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஓட்டலாமே என்று கேட்பீர்கள். ஓட்டலாம், காரின் முன்னும் பின்னும் எல் பலகை இருக்கவேண்டும், காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்கவேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கு 21 வயது நிறைந்து, முழு உரிமம் பெற்று மூன்றாண்டு ஆகியிருக்கவேண்டும். அந்த மூன்றாண்டு இங்கே அல்லது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பெற்ற உரிமத்தின் கணக்கு. ஊரில் அவர் இருபது ஆண்டு ஓட்டியிருந்தாலும் அது சேராது. நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கணவர் போன ஆண்டு தேறியிருப்பார், இந்த ஆண்டு மனைவிக்குப் பயிற்சி கொடுக்க உட்கார்ந்துவிடுவார். இருவருக்கும் விதி தெரிந்திருக்காது.

அடுத்து, நிறம் பற்றிய கேள்வி. நிறம் பார்க்கிறவர்களே இந்த நாட்டில் இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம். ஆனால் நீங்கள் அனுப்பிய இரண்டு அறிக்கைகளையும் நான் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். சிறு பிழைகள் 15 வரை ஏற்றுக்கொள்ளப்படும், 16 ஆனால் தோல்வி. உங்களுக்கு ஐந்து, நான்கு என்றுதான் விழுந்திருக்கின்றன. ஒருவரை வேண்டுமென்றே தோற்கடிக்க நினைக்கும் தேர்வாளர் இவ்வளவு சுத்தமான தாளைக் கொடுக்கமாட்டார். இரண்டு முறையும் உங்களைத் தோற்கடித்தது ஒரே ஒரு கடும் பிழை. கடும் பிழை ஒன்று போதும், மற்றதெல்லாம் பொன்னாக இருந்தாலும் தேர்வு முடிந்தது. அவர் சிரிக்காததற்கு வருத்தப்படாதீர்கள். முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்பது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்: இந்நாட்டில் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தேறுவதில்லை. இங்கேயே பிறந்து, அப்பாவின் காரில் பின்சீட்டில் வளர்ந்த பிள்ளைகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

இப்போது அறிக்கைகளில் நீங்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். கடும் பிழைகளை மட்டும் படித்துவிட்டு மனம் நொந்து மடித்து வைத்துவிட்டீர்கள். சிறு பிழைகள் எந்த வரிசையில் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். முதல் அறிக்கையில் ஐந்தில் மூன்று கண்ணாடிக்கு. இரண்டாவதில் நான்கில் மூன்று கண்ணாடிக்கு. கிளட்ச், கியர், ஸ்டியரிங், ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவது, இவை எதிலும் ஒரு கோடு இல்லை. காரைக் கையாள்வதில் நீங்கள் கெட்டிக்காரி. அந்த 17 வயதுப் பெண்ணைவிட நிச்சயம் மேல். உங்களிடம் உள்ள குறை ஒன்றே ஒன்று: பின்னாலும் பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நகர்கிறீர்கள். சைக்கிள்காரரும் ரவுண்டானாவும் இரண்டு வெவ்வேறு விபத்துகளாக உங்களுக்குத் தோன்றுகின்றன. எனக்கு அவை ஒன்றுதான்.

இது உங்கள் கவனக்குறைவு அல்ல. நம் ஊர்ச் சாலை கற்றுக்கொடுத்த பழக்கம். திருச்சியில் பின்னால் வருபவர் தன் இருப்பை உங்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். லாரிகளின் முதுகிலேயே ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறோம். அதாவது, நான் முன்னால் உள்ளதைப் பார்த்துக்கொள்கிறேன், பின்னால் இருப்பவன் நீ, உன்னை நீயே அறிவித்துக்கொள் என்பது அங்கே எழுதப்படாத உடன்படிக்கை. அந்த ஏற்பாட்டில் ஹாரன் சத்தம்தான் உங்கள் கண்ணாடி. காதால் பின்பக்கத்தைப் பார்த்து ஓட்டினீர்கள், நன்றாகவே ஓட்டினீர்கள். எத்தனையோ கார்களில் பக்கக் கண்ணாடியை மடித்து வைத்துவிட்டே ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்; நெரிசலில் உரசாமல் இருக்கவாம்.

இங்கே அந்த உடன்படிக்கை தலைகீழ். ஹைவே கோட் என்னும் சாலை விதிநூலின் 112-ஆம் விதி, வண்டி ஓடும்போது, நான் இங்கே இருக்கிறேன் என்று எச்சரிக்கத் தேவைப்பட்டால் மட்டும் ஹாரன் என்கிறது. வண்டி நிற்கும்போது அடிக்கக்கூடாது. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11:30 முதல் காலை 7 மணி வரை ஓடும்போதும் கூடாது. அந்தச் சைக்கிள்காரரிடம் பிரேக் மட்டும்தான் இருந்தது, அதைப் பிடித்தார். மோதவில்லை என்கிறீர்கள், தேர்வாளர் மோதலை அளப்பதில்லை. உங்கள் செயலால் இன்னொருவர் வேகத்தையோ பாதையையோ மாற்றிக்கொள்ள நேர்ந்ததா என்பதுதான் அவருக்குக் கேள்வி. நம் ஊரில் எல்லோரும் எல்லோருக்காகவும் ஒவ்வொரு நொடியும் பிரேக் பிடிக்கிறோம், அதைத்தான் சாமர்த்தியம் என்கிறோம். இங்கே அடுத்தவரைப் பிரேக் பிடிக்க வைத்தால் அது உங்கள் தப்பு.

இதே தலைகீழ் இன்னும் சில இடங்களில் உங்களுக்காகக் காத்திருக்கிறது. மூன்றாவது தேர்வில் அவை முளைக்காமல் இருக்கச் சொல்லிவைக்கிறேன். ஹெட்லைட்டை மின்னினால் ஊரில், வருகிறேன் ஒதுங்கு என்று பொருள். இங்கே பலர், நீங்கள் போங்கள் என்று வழிவிடுவதற்கு மின்னுவார்கள். விதிநூலோ இரண்டையும் ஏற்பதில்லை, இருப்பைத் தெரிவிக்க மட்டும் மின்னு என்கிறது. எனவே யார் மின்னினாலும் நீங்களே பார்த்து, நீங்களே முடிவெடுங்கள். ஜீப்ரா கோட்டில் கையைக் காட்டியபடி உயிரைப் பணயம் வைத்து நடப்பவரை இங்கே காணமாட்டீர்கள். அவர் ஓரத்தில் அமைதியாக நிற்பார், நிற்கவேண்டியது நீங்கள். 2022 ஜனவரி 29 முதல் இன்னொரு மாற்றம் வந்தது: நீங்கள் திரும்பப்போகும் கிளைச் சாலையைக் கடக்க யாராவது காத்திருந்தால், அவர் இன்னும் காலை இறக்காவிட்டாலும் அவருக்கு வழிவிடவேண்டும். இங்கே பல ஆண்டுகளாக ஓட்டுகிறவர்களுக்கே இது இன்னும் பழகவில்லை. அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

சரி, பழக்கத்தை எப்படி மாற்றுவது? தலையை நன்றாக ஆட்டு, தேர்வாளர் பார்க்கட்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நம்மவர்களிடையே உலவும் அறிவுரைகளில் எனக்கு அறவே பிடிக்காதது இது. தேர்வாளர் ஏமாளி அல்ல. நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, சைக்கிள் வருவதையும் கண்டுவிட்டு, பார்த்தாயிற்று என்று வண்டியை எடுப்பவர்களை அவர் தினமும் காண்கிறார். கண்டது உங்கள் முடிவை மாற்றியதா என்பதையே அவர் கவனிக்கிறார்.

நான் லண்டனில் ஹாரோ பக்கத்தில் கார் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். ஊரில் ஓட்டிப் பழகி வருபவர்களுக்கு முதல் வேலையாகக் கொடுப்பது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டும் பயிற்சி. தமிழிலேயே சொல்லுங்கள், யாருக்கும் கேட்கப்போவதில்லை. ‘பின்னால் வெள்ளை வேன், கொஞ்சம் தள்ளி வருகிறது. இடப்பக்கம் நின்றிருக்கும் காரில் ஆள் இருக்கிறார், கதவைத் திறக்கலாம். நடுக்கண்ணாடி, வலக்கண்ணாடி, யாருமில்லை. கொஞ்சம் விலகிப் போகிறேன். தாண்டியாயிற்று, இடக்கண்ணாடி, திரும்ப ஓரம்.’ முதல் சில நாள் நாக்கு தடுமாறும், வேகம் குறையும், எரிச்சல் வரும். பிறகு ஒரு கட்டத்தில், சொல்ல எதுவுமில்லாத இடங்களில்தான் நீங்கள் பார்க்காமல் இருந்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே கேட்கும். பார்த்தால்தானே சொல்லமுடியும்? இந்தப் பயிற்சியின் மொத்த ரகசியமும் அவ்வளவுதான்.

வரிசையும் முக்கியம். கண்ணாடி முதலில், இண்டிகேட்டர் அடுத்து, செயல் கடைசியில். ஊரிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே கண்ணாடியை ஒரு பார்வை பார்க்கிறார்கள். அது முடிவெடுத்தபின் கேட்கப்படும் அனுமதி. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கண்ணாடிகள் மட்டும் போதாது; காரின் வலப்பக்கத்தில் எந்தக் கண்ணாடியிலும் விழாத ஒரு பகுதி இருக்கிறது, சைக்கிள்கள் வருவதும் அங்கேதான். தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது அதற்காக. திரும்பிப் பார்த்ததற்கும் நகர்வதற்கும் இடையில் தாமதம் ஆகிவிட்டால் மறுபடியும் பாருங்கள். ஹேண்ட்பிரேக்கைத் தேடும் நேரத்துக்குள் ஒரு சைக்கிள் வந்துவிடும்.

உங்கள் ஊர் ரவுண்டானாக்களுக்குத் தனியாகச் சில வரிகள் வேண்டும். எச் என்றும் வி என்றும் எண்ணிட்ட உங்கள் கட்டச் சாலைகளில் பலவற்றில் மணிக்கு 60 மைல், போக்கும் வரத்தும் நடுவில் பிரிக்கப்பட்டவற்றில் 70 மைல் வரை போகலாம். போகும் வழியெல்லாம் ரவுண்டானா. வலப்பக்கமிருந்து வருபவருக்கு முன்னுரிமை என்பது உங்களுக்குத் தெரியும். சிக்கல், 60-இல் வந்துகொண்டே எந்தத் தடம் என்று கடைசி நொடியில் முடிவெடுப்பதில். அறிவிப்புப் பலகையைத் தூரத்திலேயே படித்து, கண்ணாடி பார்த்து, தடத்தை ரவுண்டானாவுக்கு வெளியிலேயே பிடித்துவிட்டால், உள்ளே போய் மாறவேண்டிய தேவையே பாதி இடங்களில் வராது. உங்கள் இரண்டாவது தோல்வி ரவுண்டானாவில் நடக்கவில்லை. அதற்கு முன்னாலிருந்த பலகையில் நடந்தது. தவறான தடத்தில் மாட்டிக்கொண்டால் அந்தத் தடம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கேயே போய்விடுங்கள். வழி தவறியதற்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். பாதுகாப்பாக வழி தவறத் தெரிந்தால் போதும். அதேபோல, பயந்துபோய் இடைவெளி கிடைத்தும் நின்றுகொண்டிருப்பதும் பிழைதான், 60 மைல் சாலையில் காரணமில்லாமல் 40-இல் ஊர்வதும் பிழைதான். ஜாக்கிரதையாக இருப்பதாகக் காட்ட மெதுவாக ஓட்டுவது இந்தத் தேர்வில் செல்லாது.

பயிற்சியாளரிடம் போகவேண்டுமா? கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை. கணவரே கற்றுக்கொடுக்கிறார் என்று ஊகிக்கிறேன். தேறுகிறவர்கள் சராசரியாக 45 மணி நேரம் பயிற்சியாளரிடம் கற்கிறார்கள் என்று அரசு சொல்கிறது. அது ஒன்றுமே தெரியாமல் தொடங்குபவர்களையும் சேர்த்த கணக்கு, உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. கண்ணாடிப் பழக்கத்துக்கென்று சில வகுப்புகள், பிறகு ஒரு முழு மாதிரித் தேர்வு, இது போதும். காரின் முன்கண்ணாடியில் எண்கோண வடிவப் பச்சைச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இளஞ்சிவப்பு முக்கோணம் இருந்தால் அவர் இன்னும் பயிற்சியாளராகத் தகுதி பெற்றுக்கொண்டிருப்பவர். கற்றுக்கொடுக்க அவருக்கும் உரிமை உண்டு, ஆனால் முழுக் கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள். கணவருக்கு மூன்றாண்டுத் தகுதி இருந்தால் அவருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ‘பிரேக், பிரேக்’ என்று பதறுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் கண்ணாடி பார்க்கத் தவறிய இடங்களை மட்டும் தாளில் குறிக்கட்டும். ஓட்டி முடித்து, வண்டி நின்றபிறகு காட்டட்டும். வீட்டில் அமைதி நிலவுவதற்கும் அது உதவும்.

ஆட்டோமேட்டிக் பற்றி. அதில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்ட உரிமம் கிடைக்கும், கியர் வண்டியைத் தொட முடியாது. இன்றைக்கு அது பெரிய இழப்பல்ல. மின்சாரக் கார்கள் எல்லாம் அப்படித்தான். கிளட்சோடு மல்லாடுகிற ஒருவர் கேட்டிருந்தால் இன்றே மாறுங்கள் என்றிருப்பேன். உங்கள் பிரச்சினை காலில் இல்லை, கண்ணில் இருக்கிறது. எந்தக் காருக்கு மாறினாலும் கண்ணும் கூடவே வரும். ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுப்பவர்களின் தேர்ச்சி விகிதம் மொத்த விகிதத்தைவிடக் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். சுலபமான வழி என்று நம்பிப் போகிறவர்கள் அங்கே அதிகம் என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

சிற்றூருக்குப் போவது? தேர்ச்சி விகிதம் மையத்துக்கு மையம் வேறுபடுவது உண்மை. ஆனால் அந்த ஊரின் குறுகிய கிராமச் சாலைகளும், முன்னால் திடீரென்று முளைக்கும் டிராக்டரும் உங்களுக்குப் புதியவை. தினமும் மகனோடு போகப்போவது மில்டன் கீன்ஸ் ரவுண்டானாக்களில்தான் என்றால், அங்கேயே தேறுவது மேல்.

தேர்வு நாளைப்பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, இரண்டு முறை போய்வந்தவர் நீங்கள். ஒன்று மட்டும். தேர்வாளர் கையிலுள்ள டேப்லெட்டில் விரல் நகர்ந்தாலே பிழை குறித்துவிட்டார் என்று மனம் தடுமாறும். அவர் வழியைக்கூடக் குறித்துக்கொண்டிருக்கலாம். தப்பு செய்துவிட்டதாக நினைத்தாலும் தேர்வு இன்னும் முடியவில்லை என்று எண்ணி ஓட்டுங்கள். சிறு பிழை என்று அவர் கருதிய ஒன்றுக்காக நீங்களே கலங்கி அடுத்த முனையில் கடும் பிழை செய்வது நான் அடிக்கடி பார்க்கும் சோகம். அவர் சொன்னது புரியாவிட்டால் மறுபடி கேட்கலாம், அதற்குக் குறைக்கமாட்டார்கள். இது உங்களைவிட, மொழிக்குப் பயந்து தேர்வுக்கே போகாமல் இருக்கும் மற்ற வாசகிகளுக்காக. 2014 ஏப்ரலிலிருந்து தமிழ் உட்படப் பிற மொழிகளில் தேர்வு கிடையாது, மொழிபெயர்ப்பாளரையும் அழைத்துப்போக முடியாது. ஆனால் ஓட்டும்போது தேவைப்படும் ஆங்கிலம் மிகச் சில வாக்கியங்கள்தான்; பயிற்சியாளரை அதே சொற்களில் ஆணையிடச் சொல்லிப் பழகிக்கொள்ளலாம்.

தோற்றபின் 10 வேலைநாள் கழித்து மறுபடி தேர்வு கொடுக்கலாம் என்பது விதி. காலி நாள் கிடைப்பது வேறு கதை. பல மையங்களில் மாதக் கணக்கில் காத்திருக்கவேண்டியிருக்கிறது. இந்த அவசரத்தை நம்பித்தான் சிலர் தேர்வு நாளைப் பிடித்து வைத்துக்கொண்டு பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். வார நாள் தேர்வுக்கு அரசுக் கட்டணம் 62 பவுண்டு, மாலையிலும் வார இறுதியிலும் 75 பவுண்டு; அதற்குமேல் யாருக்கும் எதுவும் கொடுக்காதீர்கள். அரசு இணையதளத்திலேயே கிடைக்கும் நாளைப் பதிவுசெய்துவிட்டு, யாராவது ரத்து செய்த நாள் தென்படுகிறதா என்று அடிக்கடி போய்ப் பாருங்கள். நாளை மாற்றவோ ரத்து செய்யவோ முன்பு மூன்று வேலைநாள் முன்னறிவிப்பு போதுமாயிருந்தது. 2025 ஏப்ரல் 8 முதல் 10 வேலைநாள் ஆக்கிவிட்டார்கள், தவறினால் கட்டணம் போய்விடும். பதிவுசெய்வதற்கு முன் தியரி தேர்ச்சிச் சான்றிதழின் தேதியையும் எடுத்துப் பாருங்கள். அது இரண்டாண்டுதான் செல்லும். அதற்குள் ஓட்டும் தேர்வில் தேறாவிட்டால் 50 கேள்விகளையும் ஆபத்துகளைக் கண்டுபிடிக்கும் 14 காணொளிகளையும் மறுபடி உட்கார்ந்து எழுதவேண்டியிருக்கும்.